புளிச்ச பெசரட்டு

பெசரட்டு மாவைப் புளிக்க வைக்கக் கூடாது. பச்சைப் பயறை ஊறப் போட்டு, இஞ்சி, மிளகாயோட அரைச்சு, அப்படியே கல்லுல ஊத்திடணும். ஊத்துக்கோட்டைப் பக்கம் சின்னக் கொழந்தைக்கும் இது தெரியும். பொன்னேரில பொறந்த என் ஊட்டுக்காரருக்குத் தெரியல.

கும்மிடிப்பூண்டில கம்பெனி வேலையை வுட்டுட்டு, அந்த கம்பெனி கேட்டுக்கு எதிர்லயே நான் தள்ளுவண்டி போட்ட மொத நாளு அது. ஓடலன்னா மறுபடியும் போயி அதே சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிக்கினு நிக்கணும். அந்த பயத்தோடயே காலைல எழுந்து பார்த்தா, ஃப்ரிட்ஜுல வெச்ச மாவு அடுப்பு மேடைல நுரைச்சுக்கினு நிக்குது!

"இன்னாயா பண்ணி வெச்சிருக்க?"

"பொங்காத மாவுல தோசை எப்படிமே வரும்? அதான் ராத்திரியே எடுத்து வெளிய வெச்சேன்." ஏதோ பெரிய ஒத்தாசை பண்ணிட்ட மாதிரி மூஞ்சி வேற.

வாய்க்கு வந்தபடி திட்டுனேன். வேற பயறு ஊற வைக்க நேரமில்ல, ஷிப்ட் வுடுற நேரமாயிடுச்சு. கொஞ்சம் அரிசி மாவைக் கலந்து, வண்டியைத் தள்ளிக்கினு போனோம்.

என்கூட லைன்ல வேலை செஞ்ச அண்ணன்தான் மொத போணி. ஒரு வாய் வெச்சதும், "இன்னா தங்கச்சி, புளிக்குதே"ன்னாரு.

அடுத்தது ஒரு ஒடிசாக்காரரு. நானே முந்திக்கினேன். "மாவு புளிச்சிருக்கு. வேணாம்னா இப்பவே சொல்லிடு."

அவரு முழுசா தின்னு முடிச்சுட்டு, "எங்க ஊர்ல அம்மா இப்படித்தான் புளிப்பா பண்ணும், அக்கா"ன்னாரு. மதியத்துக்கு நாங்க எடுத்தாந்த உருளைக்கெழங்கு டப்பாவைக் காட்டி, அதை உள்ள வெச்சு இன்னொன்னு கேட்டாரு. கையில தட்டோடவே போனைப் போட்டு அவங்க பாஷைல யாரையோ கூப்புட்டாரு. கொஞ்ச நேரத்துல வண்டியைச் சுத்தி ஒரே கூட்டம்! பக்கத்துல அவிச்ச முட்டை விக்கற பாய், "மேல ஒரு முட்டையை ஒடச்சு ஊத்தும்மா"ன்னு பச்சை முட்டைங்களை அவரே எடுத்தாந்து குடுத்தாரு. புளிக்குதுன்ன அண்ணனும் திரும்பி வந்து, கெழங்கு வெச்சு ஒண்ணு வாங்கித் தின்னாரு.

காலைலேர்ந்து என் கண்ணைப் பார்க்காம இருந்த ஊட்டுக்காரரு, "எனக்கு ஒண்ணு ஊத்தேன்"ன்னாரு. குண்டானை வழிச்சுப் பார்த்தேன். ஒரு கரண்டிகூடத் தேறல.

அப்பாடான்னு ரோட்டோரமே குந்திட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, சிரிப்பும் அடங்கல.

"டீக்கடைல ரெண்டு பன்னு வாங்கியாயா"ன்னேன். "நம்ம கடைல நாஷ்டா தீந்துபோச்சு."