இளவரசருக்குக் கொடுத்த தேசிக்காய்

கொழும்பில் பழம்பொருள்கள் வைத்த ஒரு நூதனசாலை. பழைய ராசபடகு ஒன்றை வைத்திருக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் சுறா எண்ணெய் மணந்தது. எந்தக் காலத்திலோ மரத்தில் ஊறிய எண்ணெய். அடுத்த மூச்சில் நான் சின்ன வயதுக்குத் திரும்பி, தலைமன்னார்க் கடற்கரையில் நின்றேன்.

அங்கே என் அப்பாவின் தகப்பன், எங்கள் அப்பு, கவிழ்த்து வைத்த வள்ளத்துக்கு அதே எண்ணெயைப் பூசுகிறார். வெயிலில் மணல் வெளுத்துக் கிடக்கிறது. அவருடைய சாரத்து மடியில் எப்போதும்போல ஓர் எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய். இளமையில் அந்த ராசபடகில் ஒரு வெள்ளைக்கார இளவரசரை ஏற்றித் துடுப்புப் பிடித்துத் தண்டு வலித்த எட்டுப் பேரில் அவரும் ஒருவர்.

"தலையை நிமித்தக்கூடாது எண்டு கட்டளை. ஆனா அந்தாளுக்குக் கடல் ஒத்துவரேல்லை, குமட்டிச் சத்தி வரப் பாத்தது. மணந்து பாருங்கோ எண்டு மடியிலை கிடந்த தேசிக்காயை நீட்டினனான். வாங்கினவர்."

பக்கத்து வள்ளத்துக்காரர் விடவில்லை. "ஓம் ஓம், பிறகு அதை ஊறுகாய் போட்டு உமக்கே அனுப்பினவராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பு என்னை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி எண்ணெயைத் தொட்டார். அதன்பிறகு அந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

நூதனசாலையில், ராசபடகுக்குப் பின்னால், சுவரில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. தண்டு வலிப்பவர்களில் ஏழு பேர் தலை குனிந்திருக்கிறார்கள். எட்டாவது ஆள் நிமிர்ந்து இளவரசரைப் பார்க்கிறார். அப்புவின் அதே தாடை. இளவரசர் ஒரு கையிலுள்ள லேஞ்சித் துணியால் வாயைப் பொத்தியிருக்கிறார். மற்றக் கை எதையோ இறுக்கி மூடியிருக்கிறது.

உள்ளே என்ன என்று படத்தில் தெரியவில்லை. எனக்குத் தேசிக்காய் மணந்தது.