ஐம்பதாவது டிராம்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 14 நிமிடம். குடை பிடித்தால் அசட்டுத்தனமாகவும் பிடிக்காவிட்டால் ஈரமாகவும் இருக்கும் ரகத் தூறல். குளிர் 52 டிகிரி என்றது பலகை. இந்த நாட்டு டிகிரியை நம் டிகிரிக்கு மாற்றிப் பார்ப்பதற்குள் ஜலதோஷம் பிடித்துவிடும். நியூஜெர்சியில் மகள் வீட்டுக்கு அருகிலுள்ள லைட் ரயில் நிறுத்தத்தில், கையில் தடியும் பையில் மெஷினில் முத்திரை குத்திய டிக்கெட்டுமாக நின்றிருந்தேன்.

என் மகளுக்கு இம்மாதிரி நிறுத்தங்களை வடிவமைக்கும் கம்பெனியில் வேலை. ஐரோப்பாவில் ஆறு ஊர்களைச் சுற்றிவிட்டு வந்ததிலிருந்து சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே கிடையாது. ஒரு காலத்தில் பிடுங்கி எறிந்த டிராம் தண்டவாளங்களை அங்கே பல ஊர்களில் மறுபடி போடுகிறார்களாம். நடுவில் புல் வளர்க்கிறார்களாம். பழைய கட்டடங்கள் உள்ள வீதிகளில் மேலே கம்பி கண்ணை உறுத்துமென்று பேட்டரியில் ஓட்டுகிறார்களாம்.

"பிடுங்காமலே இருந்திருந்தால் இவ்வளவு செலவும் மிச்சம்," என்றேன்.

"அப்பா, அது வேற டிராம், இது வேற. இப்போ எல்லாமே லோ ஃப்ளோர். ஏறுறதுக்குப் படியே கிடையாது. நம்ம வீட்டுப் பக்கத்துல ஓடுறதும் அதே மாதிரிதான். ஒரு தடவை ரைடு பண்ணிப் பாருங்க, அப்புறம் கம்ப்ளெய்ன் பண்ணுங்க."

"இது லைட் ரயில் என்றாயே?"

"டிராம்தான்பா. அமெரிக்கால வெச்ச பேரு அது."

டிராம் என்று ஒத்துக்கொண்டால், நான் ஏறப்போவது என் ஐம்பதாவது டிராம். இதை அவளிடம் சொல்லவில்லை. நாற்பத்தொன்பதில் நின்றுபோன அந்தக் கணக்கைப் பற்றி எழுபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

மதராஸில் டிராமை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டபோது எனக்கு ஏழு வயது. நாங்கள் மயிலாப்பூரில் குடியிருந்தோம். எண்ணத் தெரிந்த நாளிலிருந்து நான் டிராமில் போன தடவைகளை எண்ணி வந்தேன். நாற்பத்தொன்பது ஆகியிருந்தது. ஐம்பதைத் தொடாமல் டிராம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா இரக்கப்பட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னையும் அக்காவையும் அழைத்துப்போவதாக வாக்களித்தார்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயது. குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி நடப்பாள். டிராமின் படி உயரம், அவளால் ஏற முடியாது. எனவே அவள் வந்தால் கண்டக்டர் இறங்கி வந்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைப்பார். வழக்கமாக நடப்பதுதான். எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம், என்னை யாரும் தூக்குவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்த டிராமில் கூட்டம். விட்டுவிட்டோம். அடுத்தது பாதி காலியாக வந்து நின்றது. எங்களை அடையாளம் தெரிந்த கண்டக்டர் இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டி, "வாம்மா, வா வா" என்றார். ஜன்னலோரம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதற்குள் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். அக்கா மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அப்பா அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, தலை வலிக்கிறதா?"

"ஆமாம்ப்பா."

"சரி, வீட்டுக்குப் போகலாம்."

என்னைப் படியிலிருந்து இறக்கிவிட்டார். மணி அடித்தது, டிராம் போய்விட்டது. நான் நடுத்தெருவில் உருண்டு அழுதேன். தலைவலியாவது மண்ணாவது! ஒரு நிமிடம் முன்புவரை என் சட்டைப் பித்தானைத் திருகித் திருகி விளையாடிக்கொண்டிருந்தவள் அவள். அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மளிகைக்கடைப் பட்டியலில் அரையணா தப்பு இருந்தால் பார்த்த மாத்திரத்தில் பிடிப்பவர், ஒரு பொய்த் தலைவலியிடம் இப்படி ஏமாந்துபோனார். அடுத்த ஞாயிறு என்னை மட்டுமாவது அழைத்துப்போகக் கூடாதா? "பார்க்கலாம்" என்றார். அவர் பார்த்துக்கொண்டே இருக்கையில் மதராஸில் டிராம் நின்றது.

நியூஜெர்சித் தூறலில் என் டிராம் வந்தது. கதவு திறந்தது. என் தடியை முதலில் நீட்டி ஆழம் பார்த்தேன். மகள் சொன்னது சரிதான். மேடையும் உள்தரையும் ஒரே மட்டம். அப்போது சக்கர நாற்காலியில் ஒரு பெண், பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும், கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னைத் தாண்டி உள்ளே போனாள். யாரும் இறங்கி வரவில்லை. யாரும் கை நீட்டவில்லை. உள்ளே ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

நான் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தாம்பரத்தில் இருக்கும் அக்காவைப் போனில் அழைத்தேன். அங்கே இரவு எட்டு மணி.

"அன்னிக்கு உனக்கு நிஜமாவே தலை வலிச்சுதா?"

"என்னிக்குடா?"

"மயிலாப்பூர்ல. டிராம்ல ஏற மாட்டேன்னியே."

அக்கா சிரித்தாள். "எம்பத்தஞ்சு வயசுக்காரிகிட்ட கேக்கற கேள்வியா இது? டாலர் செலவு பண்ணி இதையா கேக்கறே?"

"இது ஃப்ரீ கால்தான். சொல்லு."

"நான் தாவணி போட ஆரம்பிச்சு ஒரு மாசம்டா. அந்த ஆளு இடுப்புல கை வெச்சுத் தூக்குவான், வண்டி முழுக்கப் பார்க்கும். அதுவரைக்கும் தோணலை. அன்னிக்கு அவன் கையை நீட்டினதும் உடம்பே கூசிப்போச்சு."

"அதை அப்பாகிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"எப்படிடா சொல்றது? எனக்கு வாயே வரலை. முழிச்சுண்டு நின்னேன். தலைவலின்னு நானா சொன்னேன்? அப்பாதானே கேட்டார். அவர் கேட்டதும் கெட்டியாப் பிடிச்சுண்டேன்."

"என்கிட்டயாவது பின்னால சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்ட சொன்னா, படி எத்தனை அங்குலம்னு ஸ்கேலை எடுத்துண்டு ஓடியிருப்பே."

ஓடித்தான் இருப்பேன். ஒரு படியைத் தாழ்த்துவதற்கு உலகத்துக்கு இத்தனை வருஷமா என்று எரிச்சலாக வந்தது. படியை அவ்வளவு உயரத்தில் வைத்தவன்மேல் எரிச்சல், வாயைத் திறக்காத அக்காமேல் எரிச்சல். அப்பாமேல்தான் எரிச்சல்பட எதுவும் அகப்படவில்லை. இல்லாத தலைவலியை இருப்பதாக அவரே கண்டுபிடித்து, கேள்வியாக்கி, அவள் கையில் கொடுத்திருக்கிறார். ஏழு வயதில் நான் பார்த்தது, ஒரு பெரிய மனிதர் ஏமாந்ததை.

எங்கள் பேச்சு அக்காவின் முழங்கால், என் ரத்த அழுத்தம், தாம்பரத்துக் கொசு என்று போய்க்கொண்டிருந்தது. என் எதிரே டிராம்கள் வந்து வந்து போயின. குழந்தை வண்டிகள், சாமான் வண்டிகள், எனக்கு மூத்த கிழவர் ஒருவர், எல்லோரும் வாசல் தாண்டுவதுபோல உள்ளே போனார்கள். ஏழு டிராம்களை எண்ணினேன். எட்டாவதில் ஏறினேன்.

மூன்றாவது நிறுத்தத்தில் சீருடை போட்ட பரிசோதகர் ஒருவர் வந்து டிக்கெட்டைக் கேட்டார். பெருமையாக நீட்டினேன். முத்திரை குத்தியதிலிருந்து தொண்ணூறு நிமிடத்துக்குத்தான் செல்லுமாம். எட்டு நிமிடம் கூடிவிட்டதாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் கணக்கில் வராது என்று எவ்வளவோ சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டே அபராத ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

மகளுக்குப் போன் செய்து அபராதத்தைச் சொன்னேன்.

"டைம் பார்க்கலையா? அப்பா, நீங்களா?" என்றாள்.

தலைவலி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என் ஐம்பதாவது டிராமுக்கு ஆன செலவு, டிக்கெட்டும் அபராதமும் சேர்த்து, எழுபத்தாறு டாலர் பத்து சென்ட்.