ஆர்கன் சாக்கெட்டும் என் மீசையும்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஆம்ப்ளிஃபயர், ரேடியோ என்று எது வாயை மூடினாலும் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் ஈயம் பற்றவைக்க உட்கார்ந்தேன் என்றால் இந்த ஜில்லாவில் எனக்கு நிகராக ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஒரு நாள் காலை என் கடை வாசலில் ஒரு மெல்லிசைக் குழுவின் ஆர்கன் வந்திறங்கியது. வாசிப்பவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஐரோப்பாவில் இருந்த உறவுக்காரப் பாதிரியார் மூலமாக அதை வரவழைத்திருந்தார். கூட வந்தவர் டிரம்ஸ் அடிப்பவர். வேனில் ஏற்றும்போது அதைக் கைநழுவ விட்டவரும் அவர்தான். திறந்து பார்த்தேன். வாசிக்கும் கட்டைகளிலிருந்து வரும் ஒயரின் நுனியில் இருபது பின் ஒரே வரிசையில் நின்றது. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய சாக்கெட், உள்ளே இருந்த சர்க்யூட் போர்டின் மேல் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

"சாயந்தரம் தல்லாகுளத்துல கல்யாணக் கச்சேரிண்ணே. ஆகுமா?" என்றார் வாத்தியார்.

"ஆகலேன்னா மீசையை எடுத்துர்றேன்."

என் மீசை அப்போது அலங்காநல்லூரில் மாடு பிடிக்கிறவர்களே திரும்பிப் பார்க்கிற மீசை. டிரம்ஸ்காரர் தன் பையைத் தட்டிக் காட்டினார்.

"ஷேவிங் செட்டு கையோடதான் இருக்கு மாப்ள. பிளேடு கூட புதுசு."

சாக்கெட் வாங்குவதில் ஓட்டைகளை எண்ணினால் மட்டும் போதாது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே உள்ள தூரம்தான் விஷயம். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துப் பின் வரிசையை அதன் மேல் வைத்தேன். ஆஹா! ஒவ்வொரு பின்னும் ஒவ்வொரு பல்லிடுக்கில் போய் உட்கார்ந்தது, முதலிலிருந்து கடைசி வரை. ஆண்டவனே எனக்காகச் சீப்பு செய்து அனுப்பிய மாதிரி இருந்தது.

சீப்போடு, ரேடியோ சாமான் கடைகள் இருக்கும் டவுன்ஹால் ரோட்டுக்கு ஓடினேன். முதல் கடைக்காரர், "என்னண்ணே, சீப்பு விக்க வந்தீகளா?" என்றார். இருபது ஓட்டை சாக்கெட் இருந்தது. சீப்பைப் பக்கத்தில் வைத்தேன். முதல் ஏழெட்டு ஓட்டை சரியாக நின்றது. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக நகர்ந்து, கடைசி ஓட்டை பல்லுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அடுத்த கடையிலும் அதே கதை. நம் கடைச் சரக்கெல்லாம் இஞ்சுக் கணக்கு, அந்தச் சீமைப் பெட்டி மில்லிமீட்டர் கணக்கு.

மூன்றாவது கடை வாசலில் மீசையைத் தடவிக்கொண்டே நின்றபோதுதான் மண்டையில் மின்னியது. தூரம் போகப் போகத்தானே விலகுகிறது? தூரமே போகவிடாவிட்டால்? சாக்கெட்டை வாங்கி வந்து நாலு நாலு ஓட்டையாக அறுத்தேன். துண்டுகளின் ஓரத்தை அரத்தால் ராவி, சீப்போடு ஒட்டவைத்துப் பார்த்து, வரிசையாகப் போர்டில் பற்றவைத்தேன். பின்கள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கின. கடைக்குள் தனியாக நின்று ஒரு குத்தாட்டமே போட்டேன்.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் வைத்து வாத்தியார் கட்டைகளை வரிசையாக அமுக்கினார். எல்லாம் பாடின. கடைசிக்கு முந்தைய கட்டை மட்டும் ஊமை.

"எடு மீசையை!" என்று குதித்தார் டிரம்ஸ்காரர்.

"அம்புட்டும் பேசுதுல்ல? ஒத்தக் கட்டைக்காக முழு மீசையா?"

"சரி மாப்ள, பாதி."

"ஒரு கட்டைக்கு ஒரு முடி. வேணும்னா புடுங்கிக்க."

சுற்றியிருந்தவர்கள் பாதிக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே! நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடது பக்கம் நுரை போட்டு அவர் பிளேடைக் கிட்டே கொண்டுவந்தபோது, வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விட்ருய்யா! அந்தக் கட்டை பொட்டி வந்த நாள்லேர்ந்தே பேசாது."

"அதை முன்னாடியே சொன்னா என்ன?"

"நெசமாவே மீசையக் குடுக்குறீகளான்னு பாத்தேண்ணே."

அதற்குள் கச்சேரியை ஆரம்பிக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டது. மைக்கைச் சரிசெய்ய அப்படியே மேடையேறினேன். மாப்பிள்ளை சிரித்தார், பெண் சிரித்தது, பந்திக்கு எழுந்தவர்கள் கூடத் திரும்ப உட்கார்ந்தார்கள். வலது பக்கம் கறுப்பு, இடது பக்கம் நுரை; நான் இரண்டு பக்கத்தையும் முறுக்கிவிட்டுக்கொண்டேன்.