கேப்டன் இடுப்பில் ஜீப் சாவி

கால்பந்து அணியின் மேனேஜர் என்றால் கோட்டு போட்டு, மைதான ஓரத்தில் கையைக் கட்டி நின்று, ஒரு விரலை அசைத்து ஆளை மாற்றுகிறவர் என்று டிவியில் பார்த்து நம்பியிருப்பீர்கள். கூடலூரில் அது எலுமிச்சம்பழம் நறுக்குகிற உத்தியோகம்.

கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்கள், அலுவலகச் சுற்றுலாவுக்கு வேன் பிடித்தவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்தில் செயலாளராக இருந்தவர்கள் எல்லோரும் என் இனம். பொறுப்பு முழுக்க நம்முடையது, பேச்சு மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். இந்தத் துன்பம் உங்களுக்குப் புதிதில்லை.

என் அப்பா குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தார். அதனால் தொடக்கப் பள்ளி தமிழிலும் மேல்படிப்பு மலையாளத்திலுமாக வளர்ந்தேன். வேலையும் அந்தப் பக்கமே அமைந்தது. நாற்பதைத் தாண்டி ஊர் திரும்பி உரக்கடை வைத்தபோது, எங்கள் பையன்கள் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் பந்தயங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பந்தயங்கள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் நடக்கும். கமிட்டிக்காரர்களிடம் மலையாளத்தில் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு மொழியிலும் வசவு வாங்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் நான் மேனேஜர் ஆனேன்.

கேப்டன் செல்லப்பாண்டி எனக்கு முன்பிருந்தே கேப்டன். விடியற்காலையில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஜீப்பில் மலைக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கி வருகிற டிரைவர். பந்தயத்துக்கு எங்கள் அணியையும் அதே ஜீப்தான் ஏற்றிப் போகும். சமாதான காலத்தில் என்னை ‘அண்ணே’ என்பான், போர்க்காலத்தில் ‘மேனேஜர் சார்’ என்பான். முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் சார்தான்.

உள்ளே, வெளியே

சண்டைக்குக் காரணம் அவனுடைய வலது முழங்கால். நாள் முழுக்க மலைப்பாதையில் பிரேக்கை மிதித்து மிதித்து அது தேய்ந்துபோயிருந்தது. ஆனால் பாண்டி பிறவி ஃபார்வர்டு. எதிரணி கோல் பக்கத்திலேயே நின்று பந்துக்குக் கை காட்டுவான். பந்து போனால் அதற்குப் பின்னால் அவன் போய்ச் சேரும்போது அது வேறு ஊருக்குக் கிளம்பியிருக்கும். கம்பத்தில் ஜவுளிக்கடையில் வேலை செய்த ரபீக் என்கிற இளைஞன், முயல் மாதிரி ஓடுகிறவன், மாற்று ஆளாக வெளியே உட்கார்ந்திருந்தான். எங்கள் கோல் காக்கிற கோலியோ சுருளி. தொங்குகிற திராட்சைக் கொத்தை நோகாமல் பறிக்கிற அவன் கைக்குப் பறந்து வருகிற பந்தைப் பிடிக்க வராது. பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பாண்டியைக் கோலியாக்கி ரபீக்கை முன்னால் விட வேண்டும் என்பது கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் கண்ட ஞானம். குமுளிக்கு அப்பால் ஒரு பந்தயத்தில், இடைவேளையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு அதைச் சொன்னேன். வண்டியை அணைத்துவிட்டு வந்த நாளில் பாண்டி ஜீப் சாவியை டவுசர் நாடாவில் முடிந்துகொண்டுதான் ஆடுவான். ஓடினால் அது கிணுங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எதிரணி அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளும். அந்தச் சாவியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, பழத்தோலைத் துப்பிவிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

“உள்ள யாரு, வெளிய யாருன்னு நீங்க சொல்லுங்க மேனேஜர் சார். வண்டில யாரு, ரோட்டுல யாருன்னு நான் சொல்லுறேன்.”

மேட்டில் நிற்கிற வண்டி

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு செல்ஃப் எடுக்காது. ஆகவே பாண்டி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மேடு தேடுவான். சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, திரும்பும்போது கல்லை எடுத்துவிட்டால் உருண்டு கிளம்பிவிடும். மேடு கிடைக்காத ஊரில் இன்ஜினை அணைக்கவே மாட்டான். சும்மா விட்டாலும் இருமி நின்றுவிடும் என்பதால் மாற்று ஆட்டக்காரன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற அணிகளில் மாற்று ஆட்டக்காரர்களுக்கு பெஞ்சு இருக்கும். எங்களுக்கு ஜீப். ரபீக் பல பந்தயங்களை முன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தான்.

ஒருநாள் லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறும்போது நான் முன்சீட்டில் இருந்தேன். முழங்காலைக் காட்டி, ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் கோலியாக நின்று பாரேன் பாண்டி என்றேன். கோலி நிற்பது ஓட முடியாதவனுக்குக் கொடுக்கிற திண்டு மெத்தை என்றான். பிறகு இரண்டு வளைவை ஒடித்துத் திருப்பினான். மூன்றாவது வளைவில், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இவன் எதற்குப் பயப்படுகிறான் என்று எனக்குப் புரிந்தது:

“தட்டையான எடத்துல அணைஞ்சு போச்சுன்னா பெறகு தள்ளுறதுக்கு ஒரு பய வரமாட்டான் அண்ணே. அது வண்டிக்கே தெரியும்.”

மேல்முறையீடு

கேப்டனோடு பேசித் தீராத வழக்கை எங்கே கொண்டுபோவீர்கள்? நானும் அங்கேதான் கொண்டுபோனேன். பாண்டி வண்டி எடுத்துப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவன் மனைவி ஈஸ்வரியிடம் முழங்காலின் நிலைமையை விளக்கி, அவன் எந்த இடத்தில் நின்றால் நல்லது என்று காப்பியை ஆறவிட்டு எடுத்துச் சொன்னேன். முழங்காலுக்காக வீரபாண்டி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்திருப்பதாகவும், வரும் சித்திரையில் அவரே எடுப்பார் என்றும் அந்தம்மா சொன்னது. மற்றபடி தீர்ப்பு இதுதான்:

“வீட்டுல அவுக எங்கன நிக்கணும்னு எனக்கே இன்னும் சொல்ல முடியல. நீங்க கிரவுண்டுல சொல்லிட்டீகளாக்கும்.”

காப்புக் கட்டிய கால்

சித்திரை வந்தது. பாண்டி கையில் காப்புக் கட்டினான். மஞ்சள் வேட்டி, தாடி, ஒருவேளைச் சாப்பாடு, காலில் செருப்பு கிடையாது. விரதம் இருக்கிறவன் ஆட மாட்டான், ரபீக்குக்கு வழி பிறந்தது என்று நான் அம்மனுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மஞ்சள் வேட்டியை அவிழ்த்து டவுசரோடு வந்து நின்றான். வெறுங்காலோடு ஆடக் கூடாது என்று ஆத்தா எங்கே சொல்லியிருக்கிறாள் என்று என்னிடமே கேட்டான்.

எதிரணி பண்ணைப்புரம் பக்கத்து ஆட்கள். முதல் பந்து பாண்டியிடம் வந்தபோதே விஷயம் விளங்கிவிட்டது. காப்புக் கட்டியவன் மேல் கால் படலாமா? தடுக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு எட்டு தள்ளி நின்று, கும்பிடாத குறையாக வழிவிட்டார்கள். பாண்டி தேர் மாதிரி நிதானமாக நடந்து போனான். ஒரு பின்கள ஆட்டக்காரர் மட்டும் அவசரத்தில் அவன் காலில் இடித்துவிட்டார். உடனே குனிந்து அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் நிமிர்வதற்குள் கோல். இடைவேளையில், இது ஆட்டமில்லை பாண்டி, வெளியே வா, நியாயமாக ஜெயிப்போம் என்றேன். முழங்கால் சரியாகிவிட்டது, அம்மன் கண் திறந்துவிட்டாள், உங்களுக்குத்தான் மேனேஜர் சார் கண் திறக்கவில்லை என்றான். முகமெல்லாம் சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு கோல் போட்டவனின் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு எனக்கும் வாதாட மனசு வரவில்லை.

ஜெயித்தோம். எதிரணிக் கேப்டனிடம் வருத்தம் சொல்லப் போனேன். அவர் என்னை விடவும் குழம்பிப்போயிருந்தார்:

“பந்த மட்டும் எடுக்கலாம்னா அது அவரு கால்லயே ஒட்டிக் கெடக்கு. தெரியாம மிதிச்சுட்டா ஆத்தாகிட்ட நீங்க வந்து பேசுவீகளா?”

கார்த்திகையில் வந்த பதில்

அந்த வெற்றியால் பாண்டியை அசைக்க முடியாமல் போனது. ஆனி, ஆடியில் வரிசையாகத் தோற்றோம். அம்மன் கண் திறந்தது சித்திரைக்கு மட்டும்தான் என்று தெரிந்தது. கார்த்திகையில் குமுளிக்கு அப்பால், மழையில் இரண்டு அணிகள் வராமல் போனதால், ஒரு இறுதிப் போட்டி வாய்த்தது. இதிலும் தோற்றால் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோவோம் என்று பையன்கள் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது, பாண்டிக்கும் கேட்டிருக்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடெல்லாம் வேறு வண்டிகள். வேறு வழியின்றிச் சமதளத்தில் நிறுத்தி, ரபீக்கை ஆக்ஸிலேட்டரில் உட்கார வைத்து, இன்ஜின் ஓடுவதற்காகச் சாவியையும் விட்டுவிட்டு வந்தான் பாண்டி. இடுப்பில் கிணுங்கல் இல்லாமல் மைதானத்தில் இறங்கினான்.

எதிரணி ஃபார்வர்டு மைதானத்துக்குள் வந்தார். வெறுங்கால், தாடி, கழுத்தில் சபரிமலை மாலை. பார்த்ததும் எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு வந்தது. பண்ணைப்புரத்துக்காரர்கள் பட்ட பாட்டை இப்போது நாங்கள் பட்டோம். ரெஃப்ரியே அவரிடம், “சாமி, கொஞ்சம் பின்னால நில்லுங்க” என்று கெஞ்சினார். எங்கள் ஆட்கள் விலகினார்கள். எல்லோரையும் விட அதிகமாக விலகியவன் செல்லப்பாண்டி. கூடவே ஒரு கும்பிடு. சாமி வந்தார், சுருளி முகத்தைத் திருப்பிக்கொண்டான், கோல் விழுந்தது.

இடைவேளையில் எனக்கு ஒரு வழக்கறிஞர் புத்தி தோன்றியது. ஜீப்புக்கு ஓடி, ரபீக்கு, உனக்கென்னப்பா, நீ போய்த் தடுக்கலாமே என்றேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் சிறுத்துப்போனேன்:

“எருமேலில எங்க பள்ளிவாசலுக்கு வந்துட்டுத்தான் அவுக மலை ஏறுறாக. நான் மட்டும் எப்பிடி அண்ணே மிதிப்பேன்?”

கை குற்றமில்லை

திரும்பி வந்தால் பாண்டி எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாமியையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் படக் கூடாது, அவ்வளவுதானே என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்றேன். கை பட்டால் என்று இழுத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லிவிட்டால் அவன் செய்ய மாட்டான் என்பதை அந்த இரண்டு வருஷம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. மைதானத்தில் கையால் பந்தைத் தொட ஒருவனுக்குத்தான் உரிமை. பாண்டி பழத்தை ஒரே கடியாகக் கடித்து எறிந்தான். சுருளியின் பனியனைக் கழற்றச் சொல்லி வாங்கி மாட்டினான். சுருளி ஆக்ஸிலேட்டருக்குப் போனான். ரபீக் வெளியே வந்தான், ஃபார்வர்டாக.

அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்ல? ஓடத் தேவையில்லாத இடத்தில் அந்த முழங்கால் பாறை மாதிரி நின்றது. மலை வளைவில் எதிரே வருகிற லாரியை ஹாரன் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற ஆளுக்குப் பந்து வருகிற திசை முன்பே தெரிந்தது. அங்கே நின்றபடி எல்லோரையும் திட்டினான். நடுநடுவே என்னையும். ரபீக் ஓடிப் போய் ஒரு கோல் போட்டான். பிறகு சமநிலை, பிறகு பெனால்டி. கடைசி அடி சாமி அடித்தார். பாண்டி பாய்ந்து விழுந்து பந்தை இரண்டு கையாலும் அணைத்து, எழுந்து, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரிடமே பவ்யமாகக் கொண்டுபோய்க் கொடுத்தான்:

“தப்பா எடுத்துக்காதீக சாமி. கையால தொட்டா கும்பிட்ட மாதிரித்தான்.”

சமதளம்

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு வந்தால் ஒரே நிசப்தம். கடைசிப் பெனால்டியைப் பார்க்கச் சுருளி குதித்து ஓடி வந்திருக்கிறான். வண்டி அணைந்துவிட்டது, அதுவும் சமதளத்தில். சுருளியை எல்லோரும் திட்ட, பாண்டி சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நாங்கள் தள்ளினோம். அசையவில்லை. எதிரணி ஆட்கள் வந்தார்கள். கமிட்டிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சாமியும் வந்து எனக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தார். ஐயோ, நீங்க வேண்டாம் சாமி என்று பாண்டி பதறினான். கையால்தானே தள்ளுகிறேன் என்று அவர் மலையாளத்தில் சிரித்தார். அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

வண்டி உறுமிக் கிளம்பியது. பாண்டி பக்கக் கண்ணாடியில் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தான். மலை இறங்கி, கூடலூர் விளக்குகள் தெரிகிற வளைவில் என் பக்கம் திரும்பினான்:

“அண்ணே, கோலிக்கு முழுக்கை பனியன் தனியா உண்டாம்ல. நல்ல கலராப் பாத்து ஒண்ணு சொல்லுங்க.”

இத்தனைக்கும் பிறகு ஓர் அணியை நிர்வகிப்பது எப்படி என்று யாராவது கேட்டால், எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் தள்ள நல்ல இடமாகப் பிடித்து நிற்பது என்பேன்.