சித்தியோடு வந்த சீமை எலி

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் கம்பிக்கூண்டும் இருந்தன. நான் கூண்டைத்தான் பார்த்தேன். உள்ளே சுருட்டிக் கிடந்த துண்டுக்குள் ஏதோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அம்மா சித்தியின் முகத்தைப் பார்த்தாள். அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

அப்போது நாங்கள் காளவாசலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பலூரில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. நான் நாலாம் வகுப்பு. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

கூண்டில் இருந்தது சீமை எலி. கடைகளில் கினி பிக் என்பார்கள். வால் கிடையாது. பாதி வெள்ளை, பாதி செம்பட்டையாக உருண்டு திரண்டு இருக்கும். கல்யாணமான புதிதில் சித்தப்பாதான் ஆசையாக வாங்கிக் கொடுத்தாராம். பிறகு அவருக்குக் கோபம் வருகிறபோதெல்லாம் முதலில் உதைபட்டது அந்தக் கூண்டுதான். ஒருமுறை கூண்டு கவிழ்ந்ததில் பின்னங்கால் மடங்கிப்போய், அதுமுதல் காலை இழுத்துத்தான் நடந்தது. அடுப்படியில் சித்தி அம்மாவிடம் இதைச் சொல்லும்போது நானும் அங்கேதான் இருந்தேன். முதலில் உதைபட்டது கூண்டு என்றால் அடுத்து உதைபட்டது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு அதைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். வந்த மறுநாளே கூண்டைத் திறந்து கையை விட்டேன். வீல் என்று கத்தி, விரலைக் கடித்துவிட்டு, பீரோவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அம்மா என் விரலில் மஞ்சளை அப்பிக்கொண்டே, "இருக்கிற இம்சை பத்தாதுன்னு இது வேற" என்றாள். அவள் சொன்னது எலியைத்தான் என்று நான் நினைத்தேன். சித்தி அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது. எழுந்து பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "மேலேருந்து கையக் கொண்டுபோகாத பாப்பா. பருந்துன்னு நெனச்சுக்கும். தழைய முன்னால வச்சுட்டு சும்மா உக்காந்திரு. அதுக்காத் தோணுனா வரட்டும்."

சும்மா உட்காருவது எனக்குச் சுலபமாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொத்தமல்லித் தழையோடு பீரோவுக்கு முன்னால் தரையில் படுத்துக்கொள்வேன். இருட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் அவையும் மறைந்துவிடும். குக்கர் விசில், டிவி, அடுத்த வீட்டுக்காரர் தும்மல் எல்லாமே அதற்கு ஆபத்துதான். அசையாமல் படுத்து என் கை மரத்துப்போகும். எரிச்சலில் சில நாள் தழையை நானே தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

ஆனால் ஒரு நாள் ஈரமான மூக்கு ஒன்று என் விரலைத் தொட்டது. தழையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. மறுநாள் ஓடாமல் என் முன்னாலேயே நின்று தின்றது. மழைக்காலம் வருவதற்குள், தழை இருக்கிற பிளாஸ்டிக் கவரை நான் சரசரவென்று ஆட்டினால் போதும், எங்கே இருந்தாலும் கீச் கீச் என்று காலை இழுத்துக்கொண்டு வந்து மடியில் ஏறும். முதன்முதலாக அது மடியில் ஏறிய அன்று சித்தி கைதட்டிச் சிரித்தாள். அவளுக்குத் தெற்றுப்பல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் பெரியவர்கள் மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார்கள். "எம்புட்டு நாளைக்கு இப்பிடியே வச்சிருக்கிறது? ஹவுஸ் ஓனர் கேக்குறாரு, ஊர்ல கேக்குறாங்க" என்று அப்பா ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். சித்தி அடுத்த அறையில்தான் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், சித்தப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, பழமும் அல்வாவும் வாங்கி வந்திருந்தார். எனக்கு ஒரு பெரிய சாக்லேட். என்ன அமைதியாகப் பேசினார்! "தப்புதாண்ணே, ஏதோ ஒரு கோவம். இனிமே அப்பிடி நடக்காது" என்று அப்பாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "மாப்ளயே எறங்கி வந்துட்டாரு, அப்புறம் என்ன" என்று மாமா முடித்துவைத்தார். சித்தியிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவள் பையில் துணிகளை மடித்து வைத்தாள்.

சித்தப்பாவின் குரல் கேட்டதுமே சீமை எலி பீரோவுக்கு அடியில் போயிருந்தது.

"அது இங்கயே இருக்கட்டுமே. பாப்பா ஆசையா வச்சிருக்கா" என்றாள் சித்தி. அன்று அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒம் பொருள் ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. இருந்தா அதச் சாக்கு வச்சுத் திரும்பி வரத் தோணும்."

சித்தப்பா துடைப்பக்குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தார். வரவில்லை. மாமாவும் குனிந்து அதட்டினார். வரவில்லை. அப்போதுதான் அப்பா, "பாப்பா கூப்பிட்டா வரும்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சித்தி என் பக்கத்தில் நின்று, "கூப்பிடாத பாப்பா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் என் சாமர்த்தியத்தைக் காட்ட வேறு எப்போது வாய்க்கும்? கவரை எடுத்து ஆட்டினேன். கீச் கீச் என்று வந்தது. நேராக என் மடியில் ஏறியது.

"அட, நல்லாப் பழக்கி வச்சிருக்கியே!" என்று சித்தப்பா சிரித்து, என் மடியிலிருந்து அதை ஒரே பிடியாக அள்ளிக்கொண்டார்.

மாசி மாதத்தில் நானும் அம்மாவும் உசிலம்பட்டிக்குப் போனோம். கூண்டு கொல்லையில் இருந்தது. அதற்குள் கோழிக்குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சித்தப்பாவிடம் கேட்டதற்கு, "சீக்கு வந்து செத்துப்போச்சு பாப்பா" என்றார். அவர் வெளியே போனதும் சித்தியிடம் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"முன்ன மாதிரி இருந்திருந்தா ஓடி ஒளிஞ்சிருக்கும்க்கா. அன்னைக்குக் கோவமா வந்தவரு கையில ஏதோ கவரு. சத்தத்தக் கேட்டுட்டுக் கிட்டப் போயிருச்சு."

அந்த வெயிலிலும் சித்தி முந்தானையைத் தோள் சுற்றிப் போர்த்தியிருந்தாள். அம்மா அதை விலக்கிப் பார்த்துவிட்டு, பார்த்த வேகத்திலேயே மறுபடி மூடினாள். மூடிய கையை வெகுநேரம் எடுக்கவில்லை. நான் கோழிக்குஞ்சுகளுக்கு அரிசி போடப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. செக்கானூரணி தாண்டியதும் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உடம்பு குலுங்கியது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இம்சை என்று சொன்னவளுக்கு அந்தச் சீமை எலிமீது இவ்வளவு பாசமா? நானே இவ்வளவு அழவில்லையே. பெரிய மனுஷி மாதிரி அவள் தொடையில் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதம்மா. எறங்குனதும் கடையில வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிடி, வாங்கிக்கலாம்" என்றாள்.

அடுத்ததை முழு வெள்ளையில் வாங்குவதா, கறுப்பிலா என்று யோசித்தபடி நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.