தின்னர் ஸ்டோரில் ஆயுத பூஜை

1. ஆயுத பூஜையன்று காலையில், பெயின்ட்டை இளக்கும் தின்னரை வைத்திருக்கும் ஸ்டோரின் கதவைத் திறந்தேன்.
2. எல்லா டிரம்களுக்கும் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு பொட்டும் ‘தீப்பற்றும்’ என்று எச்சரிக்கும் சீட்டின் நட்டநடுவில்.
3. டிரம்களுக்கு இடையில் வாழையிலை, பொரி, பூசணிக்காய், பித்தளைத் தட்டு. தட்டில் ஒரு கைப்பிடி கற்பூரம்.
4. ஸ்டோர்கீப்பரின் சட்டைப் பையில் தீப்பெட்டி. கேட்டேன், கொடுத்தார்.
5. வேட்டி மடிப்பிலிருந்து இன்னொரு தீப்பெட்டியை எடுத்தார்.

பெங்களூர் பீன்யாவில் பெயின்ட் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஆபத்தான சரக்குகளைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முந்தின நாள் மேனேஜர் கூப்பிட்டுத் தன் கன்னடத் தமிழில் சொல்லியிருந்தார்: “நோடம்மா, பூஜை நின்னா யூனியன் வரும். தீப்பிடிச்சா ஃபயர் இன்ஜின் வரும். ரெண்டுல எது வந்தாலும் நீ வரவேண்டாம்.”

ஸ்டோர்கீப்பரிடம் பொறுமையாக விளக்கினேன். தின்னரின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் நெருப்பைப் பிடித்து டிரம்முக்கே அழைத்து வந்துவிடும்.

“வருஷா வருஷம் இங்கதான் காட்டறோம் மேடம். ஒண்ணும் ஆனதில்ல.”

“இதுவரைக்கும் ஆகலைன்னா...”

“ஏன் ஆகல? காட்டறதாலதான் ஆகல.”

அதற்குள் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மிக்ஸிங் பிரிவிலிருந்து ஒரு குரல்: “மேடம் சாமிகிட்டயே பர்மிட் கேக்கறாங்கடோய்!”

ஸ்டோர்கீப்பர் கோலார் தங்கவயல்காரர். “எங்கப்பா சுரங்கத்துல பாறைக்கு மருந்து வெச்சவரு. வெடிக்கற சாமானெல்லாம் எங்க ரத்தத்துலயே இருக்கு மேடம்” என்றார்.

“மருந்து வெச்சிருக்கற ரூம்ல உங்கப்பா கற்பூரம் ஏத்துவாராண்ணா?”

“அங்கயா? பீடி, தீப்பெட்டி எல்லாத்தையும் வாசல்லயே புடுங்கிடுவாங்க.” சொல்லி முடித்த பிறகுதான் யார் பக்கம் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது. வாசலில் சிரிப்பு.

“சரி, ஒரு காலி டிரம்மை வெளிய உருட்டி அதுக்குக் காட்டிடுவோம். அதுதான் காலியாச்சே!” என்றார் பெருந்தன்மையாக.

காலி டிரம்மில் திரவம் இருக்காது, ஆவி இருக்கும். நிறைந்த டிரம்மைவிட அதுதான் மோசம். “அண்ணா, அது டிரம் இல்ல, குண்டு” என்றேன். அவர் காலி டிரம்களைப் புதிய மரியாதையோடு பார்த்தார்.

கடைசியில் நான் கேட்டேன்: தொழிற்சாலை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றுவோம், டிரம்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சாமிக்குக் கதவு ஒரு தடையா?

“சாமிக்கு இல்ல மேடம். டிரம்முக்குத் தெரியணுமே.”

இதில்தான் மாட்டிக்கொண்டோம். சுற்றியிருந்தவர்களும் டிரம் பக்கமே நின்றார்கள். ஃபயர் இன்ஜினைத் தவிர்க்கப்போய் யூனியனைக் கூப்பிடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது ஸ்டோர்கீப்பரே தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். ஆரத்தியை நாம் என்ன, முகத்தை நீட்டியா வாங்குகிறோம்? கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். “கையில வாங்கிட்டு வந்து டிரம்முக்கு ஒத்திட்டா?”

ஒத்துக்கொண்டேன். என் நிபந்தனை ஒன்றுதான்: கேட்டைத் தாண்டி ஒரு தீப்பெட்டியும் உள்ளே வரக்கூடாது. தீப்பெட்டிகளை வாங்கிப் போட வாட்ச்மேன் கேட்டில் ஒரு பிஸ்கட் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டோர்கீப்பரின் மூன்றாவது தீப்பெட்டி பொரிப் பைக்குள்ளிருந்து வந்தது.

கேட்டில் கற்பூரம் எரிந்தது. அணைந்ததும், சூடான கைகளைக் குவித்து எதையோ சிந்தாமல் தூக்கிப்போவதுபோல் மொத்தத் தொழிற்சாலையும் முற்றத்தைக் கடந்து வரிசையாக நடந்தது. ஒவ்வொருவரும் ஒரு டிரம்மைத் தொட்டார்கள். மேனேஜர் தவறுதலாகத் தண்ணீர் டிரம்மைத் தொட்டார். நான் கடைசியாகப் போனேன். தொட்டேன், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருடமே வேலை நிரந்தரமானது. இப்போதும் கற்பூரம் கேட்டில்தான் எரிகிறது, பொட்டு டிரம்மின் மூடிமேல் வைக்கப்படுகிறது, சீட்டுகளைப் படிக்க முடிகிறது. பிஸ்கட் டின் வருடம் முழுவதும் வாட்ச்மேன் மேஜையில் இருக்கிறது. ஸ்டோர் தீப்பிடித்ததில்லை. காரணம் ஆரத்திதான் என்கிறார் ஸ்டோர்கீப்பர்.