கயிறு இழுத்த மல்லிகா

போன வாரம் என் மனைவி மல்லிகா சேற்றில் விழுந்தாள். கூட்டத்தோடு சேர்ந்து நானும் கைதட்டினேன்.

பதறாதீர்கள்... காரணம் சொல்கிறேன்.

மல்லிகா கோயமுத்தூர்க்காரி. எனக்கு மாற்றலாகி நாங்கள் குன்னூர் வந்த பின் இது முதல் குளிர்காலம். மே மாதத்தில் சுற்றுலா வந்து, ‘இங்கேயே இருந்துவிடலாமா?’ என்று ஏங்குவோமே – அந்தக் குன்னூர் வேறு, மார்கழிக் குன்னூர் வேறு. எங்கள் வீடு மலைச்சரிவின் நிழல் பக்கம். வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. காயப்போட்ட துணி காய்வதுமில்லை.

மல்லிகா முதலில் பேச்சைக் குறைத்தாள். பிறகு சாப்பாட்டை. பகலிலும் கம்பளிக்குள் சுருண்டு, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

“என்ன செய்யுது மல்லி?”

“ஒண்ணும் செய்யலீங்க. எதுவும் செய்யத் தோணல... அவ்வளவுதான்.”

ஜோக் சொன்னேன். பிரியாணி வாங்கி வந்தேன். ‘தைரியமா இரு’ என்று அட்வைஸ் வேறு. காய்ச்சலில் கிடப்பவரிடம் இப்படிச் சொல்வோமா?

பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். “வெயில் குறையற மாசங்கள்ல சிலருக்கு இப்படி ஆகும்மா. தினமும் வெளிச்சத்துல நடங்க, நாலு பேரோட பழகுங்க. சரியாகலைன்னா மறுபடி வாங்க, மருந்து பார்க்கலாம்” என்றார்.

மல்லிகா வாசலைத் தாண்டவில்லை.

அப்போதுதான் புஷ்பம் வந்தார். எங்கள் தெருவுக்குக் கீழே எஸ்டேட் குடியிருப்பில் இருப்பவர், கொழுந்து பறிக்கிறார். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த வாடை இவர் பேச்சிலும் உண்டு; ‘ரொம்ப’ என்பதை ‘மிச்சம்’ என்பார்.

“அக்கா, பொங்கலுக்குக் கயிறு இழுக்கிற போட்டி. எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது. இருக்கிறவங்க எல்லாம் மிச்சம் ஒல்லி. நீங்க நல்லா வெயிட்டா இருக்கீங்க... வாறீங்களா?”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால்?

மல்லிகா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். “சும்மா நின்னாப் போதுங்களா?”

“போதும்க்கா. நீங்க நின்னா யாரு அசைக்கிறது?”

மதிய இடைவேளையில், வெயில் விழும் மைதானத்தில் பயிற்சி. முதல் நாள் போய்வந்தவள் மறுபடி கம்பளிக்குள் புகுந்தாள். மறுநாளும் புஷ்பம் வாசலில் நின்று கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் போனது. தட்டில் சோறு போட்டுக்கொண்டே மல்லிகா சொன்னாள்: “இந்தப் புஷ்பத்துக்குக் கயிறே புடிக்கத் தெரியலீங்க.”

புகார் சொல்கிறாள்... அப்படியானால் தேறிவருகிறாள்!

பொங்கலன்று எதிரணி, தேயிலை ஃபேக்டரிப் பெண்கள். முந்தின நாள் தூறலில் மைதானம் சொதசொதவென்றிருந்தது. கயிறு இப்படியும் அப்படியும் போனது. மல்லிகா பல்லைக் கடித்துச் சாய்ந்து நின்றாள். திடீரென்று புஷ்பம் வழுக்க, அடுத்தவர் வழுக்க, மொத்த அணியும் சேற்றில்.

தோற்றுவிட்டார்கள். நான் ஓடினேன். முகமெல்லாம் சேறாக மல்லிகா உட்கார்ந்திருந்தாள் – வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. டீயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மல்லி... மறுபடி மனசு சரியில்லையா?”

“மனசெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. இடுப்புதான் போச்சு. தைலத்தை எடுங்க.”

மனைவியின் இடுப்பு வலிக்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட கணவன், இந்த நீலகிரியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.